பழைய செயின்சா இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுகிறேன், முதல் முறை (ஏற்காடு / சேலம்)

#1 நாகலூர் காப்பி

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. வீடு கீழே அயோத்தியாப்பட்டணத்தில். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து எடுக்க, ஒரு எஸ்டேட்டிலிருந்து 45 சிசி செயின்சா ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு வருடம் மலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன வாரம் காற்றில் விழுந்த வேப்பமரத்தைத் துண்டு போடுவதற்காக மிஷினைக் கீழே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல வெயில். அரை டேங்க் ஓடியிருக்கும், சத்தம் திடீரென்று கீச்சென்று உயர்ந்தது. அப்புறம் சுரம் குறைந்து அப்படியே நின்றுவிட்டது. ஆறிய பிறகு கயிற்றை இழுத்தால் தடையே இல்லாமல் லேசாக வருகிறது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கிறது.

கடையில் காட்டினேன். "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. டிவிஎஸ் 50 கார்புரேட்டரைச் சுத்தம் செய்திருக்கிறேன். அதைத் தாண்டி எந்த இன்ஜினையும் திறந்ததில்லை. ஆனாலும் இதை என் கையாலேயே கட்டிப் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

#2 பழைய பட்டறை

தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இப்போதைக்கு எதையும் பிரிக்க வேண்டாம்.

கோடு எந்தப் பக்கம்? சைலன்சர் பக்கமா, கார்புரேட்டர் பக்கமா? கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் பிளக் ஓட்டையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டு ஐந்தாறு இழுப்பு இழுத்து அளவைச் சொல்லுங்கள். பெட்ரோலில் என்ன ஆயில், லிட்டருக்கு எத்தனை மில்லி? இந்த மூன்றையும் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

பிஸ்டன் மாற்றுவது பெரிய வேலை இல்லை. எது அந்த பிஸ்டனைத் தின்றது என்று தெரியாமல் புதுசைப் போட்டால், அதே வேப்பமரத்தில் இரண்டாவது டேங்கிலேயே அதுவும் போய்விடும். நாற்பது வருடத்தில் நான் பார்த்த 'ரிப்பேர் செய்தும் நிற்கவில்லை' கேஸ்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

#3 வாழப்பாடி தென்னை

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சிலிண்டர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

#4 நாகலூர் காப்பி

பட்டறை அண்ணா, பார்த்துவிட்டேன். கோடு முழுக்கச் சைலன்சர் பக்கம். கார்புரேட்டர் பக்கம் பிஸ்டன் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் கேஜ் வாங்கிப் பார்த்ததில் 70 பிஎஸ்ஐ. சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில்தான், லிட்டருக்கு 30 மில்லி இருக்கும். அளந்து ஊற்றியதில்லை, மூடியால் ஊற்றுவேன்.

#5 பழைய பட்டறை

70 என்றால் ஸ்டார்ட்டே ஆகாது. இந்த அளவு மிஷின் நல்ல நிலையில் 150 பக்கம் காட்ட வேண்டும். 110-க்குக் கீழே போனாலே சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். ஒரு விஷயம்: பைக் கேஜில் நீளமான ஹோஸ் இருந்து, வால்வு கேஜ் பக்கம் இருந்தால் சின்ன இன்ஜினுக்கு அளவு குறைத்துக் காட்டும். வால்வு பிளக் ஓட்டைப் பக்க நுனியில் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் கேஸில் கோடு கண்ணுக்கே தெரிகிறது, சந்தேகமில்லை.

இனி பிஸ்டன் சொல்லும் கதையைக் கேளுங்கள். கார்புரேட்டர் பக்கம் தேய்ந்து மங்கிப் போயிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் நாலு இடத்தில் பிடித்திருந்தால் ஒரேயடியாகச் சூடாகி பிஸ்டன் விரிந்திருக்கிறது, கூலிங் ஃபின்னில் மரத்தூள் அடைத்திருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கம்தான் எப்போதும் அதிகச் சூடு. எண்ணெய்ப் படலம் முதலில் அங்கேதான் காயும். ஆக, ஆயில் போதவில்லை, இல்லையென்றால் கலவை லீன் ஆகிவிட்டது. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் சூடு ஏறும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும்.

நீங்கள் சொன்ன அந்த 'கீச்சென்று உயர்ந்த சத்தம்' லீன் ஆனதன் அடையாளம். அந்த நொடியில் ஆக்சிலேட்டரை விட்டிருந்தால் பிஸ்டன் பிழைத்திருக்கலாம். அடுத்த தடவைக்கு அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.

#6 செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர்

ஆயில் பற்றி. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் 50-க்கு 1 என்றே கேட்கிறார்கள். லிட்டருக்கு 20 மில்லி என்ற அந்தக் கணக்கு மிஷின் கம்பெனி தன் சொந்த ஆயிலுக்குச் சொல்வது. ஸ்டில் போன்ற கம்பெனியின் கையேட்டிலேயே, வேறு டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி என்று இருக்கிறது. 30 மில்லி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூடியால் ஊற்றுவதை விட்டுவிட்டு மருந்துக்கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்குங்கள். டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக் குறியீடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், புகையும் கரியும் குறைவாக இருக்கும்.

அப்புறம், இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் அதே ஸ்க்ரூ செட்டிங்கில் கலவை கொஞ்சம் லீன் ஆகும். ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் மலையில் மாதக்கணக்கில் கேனில் வைத்திருந்த பெட்ரோலைச் செயின்சாவுக்கு ஊற்றாதீர்கள்.

#7 ஒண்டிக்கடை வாசி

நான் ஏற்காட்டுக்காரன், எஸ்டேட் மிஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் பதிவில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. மலையில் இரண்டு வருடம் ஓடியது, கீழே கொண்டுவந்த அன்றே போய்விட்டது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர் பக்கம். அந்த வித்தியாசத்தில், வெயிலையும் குளிரையும் சேர்த்துப் பார்த்தாலும், மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. மேலே காற்று மெலிந்திருப்பதால் மிஷின் ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகி ஓடும், புகை வரும், அடைக்கும். அதனால் எங்கள் ஆட்கள் எச் ஸ்க்ரூவை, அதாவது முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஸ்க்ரூவை, மூடி மூடி, சத்தம் தெளியும் வரை கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அதே மிஷினை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கீழே கொண்டுபோனால் காற்று கனத்துவிடும். பெட்ரோல் அளவு அந்தக் கணக்குக்கு ஏறாது. லீன்.

எஸ்டேட்டில் டியூன் செய்த மிஷின் என்றால் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

#8 வாழப்பாடி தென்னை

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மிஷினை மலைக்கும் தோப்புக்கும் மாறி மாறிக் கொண்டுபோகிறேன், ஸ்க்ரூவைத் தொட்டதே இல்லை. உயரம்தான் காரணம் என்றால் இங்கே பாதி மிஷின் பிஸ்டன் பிடித்து சீஸ் ஆகியிருக்க வேண்டும்.

#9 பழைய பட்டறை

வாழப்பாடிக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காற்று பத்தில் ஒரு பங்கு மாறினால் கலவை அதில் பாதி அளவுதான் மாறும், ஏனென்றால் கனமான காற்று கார்புரேட்டர் வழியாகப் போகும்போது பெட்ரோலையும் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். கீழே சரியாக, கொஞ்சம் ரிச்சாக வைத்த மிஷின் மலை ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது. மலையில் விளிம்பில் நிறுத்திய மிஷினுக்குத்தான் ஆபத்து. ஆனால் அது மட்டுமே ஒரு பிஸ்டனை அரை டேங்கில் கொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு ஏதோ கூட்டு சேர்ந்திருக்கிறது. காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பது என் ஊகம்.

தம்பி, இப்போது பிரிக்கலாம். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் வரிசையாகக் குழிக்குழியாகப் போட்டு வையுங்கள். கிளட்ச் இடது மரை, கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் இடப்பக்கம் அழுத்தி கிராங்கை உடைத்தவர்கள் உண்டு. பிஸ்டனை நிறுத்த இரும்புக் கம்பி எதையும் விடாதீர்கள். முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றைப் பிளக் ஓட்டை வழியாக விட்டால் போதும். ஃப்ளைவீல் ஃபின்னில் சுத்தியல் படவே கூடாது.

கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் இன்டேக் ரப்பரைக் கழற்றியதும் விரித்து, இழுத்துப் பாருங்கள். சும்மா பார்த்தால் தெரியாது.

#10 நாகலூர் காப்பி

அண்ணா, கிடைத்துவிட்டது!

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம்வரை பிரித்தேன். 27-ம் நம்பர் நட்சத்திர பிட் ஒன்று வாங்கினேன், பாதிக்கு மேல் அதிலேயே முடிந்தது. கிளட்ச் நீங்கள் சொன்னபடி வலப்பக்கம் சுற்ற, இரண்டாவது தட்டில் விட்டது. இந்த மிஷினில் சிலிண்டர் தனியாக வராதாம். இன்ஜின் முழுவதும் பிளாஸ்டிக் உடலிலிருந்து ஒரே கட்டியாக வெளியே வந்தது. அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றியதும் அடித்தட்டு பிரிந்து, கிராங்க், பேரிங், சீல் எல்லாம் கையோடு வந்துவிட்டன.

இன்டேக் ரப்பரைப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கட்டை விரலாலும் விரித்தேன். உள்மடிப்பில் ஒரு அங்குலத்துக்கு முடி மாதிரி ஒரு கிழிசல், விரித்தால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவ்வளவு சின்னதா என்று அவளுக்கும் ஆச்சரியம்.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டினேன், ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. பேரிங் சுற்றினால் சத்தமில்லை.

#11 ஒண்டிக்கடை வாசி

அப்படியென்றால் கதை முழுசாகிவிட்டது. கிழிசல் வழியாகக் கொஞ்சம் காற்று ரொம்ப நாளாகவே போயிருக்கிறது. மலையில் காற்று மெலிவு என்பதால் மிஷின் இயல்பிலேயே ரிச் பக்கம் சாய்ந்திருக்கும், அது கிழிசலை ஈடுகட்டியிருக்கிறது. சத்தம் தெளிவாக இருப்பதைப் பார்த்து டியூன் சரி என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். கீழே வந்ததும் அந்த ஈடு போய்விட்டது. வெயிலில் ரப்பரும் இளகி, கிழிசல் இன்னும் திறந்திருக்கும்.

#12 பழைய பட்டறை

அதேதான். ஆயில் 30 மில்லி என்பதும் பக்கத்தில் நின்று கை கொடுத்திருக்கிறது.

ராடு பக்கவாட்டில் ஆடுவது இயல்பு, மேல்-கீழ் ஆட்டம்தான் கூடாது. பேரிங்கை நல்ல பெட்ரோலில் அலசி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். அலுமினியப் பொடி மினுங்கினால் மறுபடி மறுபடி அலசுங்கள்.

ஆயில் சீல் இரண்டையும் கண்டிப்பாகப் புதுசு போடுங்கள், பழையது நன்றாக இருந்தாலும் சரி. இவ்வளவு தூரம் பிரித்துவிட்டு அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ரப்பர், சீல், கார்புரேட்டர் டயாபிரம், பெட்ரோல் ட்யூப், டேங்க் ஃபில்டர் எல்லாம் ஒரே வாங்கலில் வாங்கிவிடுங்கள்.

#13 நாகலூர் காப்பி

சிலிண்டரை என்ன செய்வது அண்ணா? உள்ளே சைலன்சர் ஓட்டைக்கு மேலே வெள்ளி மாதிரி திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. நகத்தால் தடவினால் மேடாகத் தெரிகிறது. உள்சுவரைக் கடைந்து போரிங் போட வேண்டுமா?

#14 லேத் சூரமங்கலம்

போரிங் போடவே கூடாது சார். பைக் சிலிண்டரில் இருப்பது போல இதில் இரும்பு லைனர் இல்லை. அலுமினியத்தின் மேல் மெல்லிய கடினமான முலாம், குரோமோ நிக்கலோ இருக்கும். லேத்தில் ஏற்றினால் அந்த முலாம் போய்விடும், அப்புறம் சிலிண்டர் குப்பைதான். கல் வைத்த ஹோன் கருவியும் வேண்டாம்.

நீங்கள் பார்ப்பது மேடு என்பதால் அது சிலிண்டரில் விழுந்த கீறல் இல்லை. பிஸ்டனின் அலுமினியம் உருகி முலாமின் மேல் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடியில் முலாம் நல்லபடி இருக்க வாய்ப்பு அதிகம். கழிவறை கழுவ விற்கிற ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக், அலுமினியத்தைக் கரைக்கும், நிக்கல் முலாமை எளிதில் தொடாது, ஆனால் குரோம் முலாம் என்றால் அதையும் அரிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் திட்டு மேல் மட்டும் வையுங்கள். நுரை வரும். நுரை அடங்கியதும் துடைத்து மறுபடி வையுங்கள்.

கவனம் தேவைப்படுவது இரண்டு இடத்தில். காற்றும் புகையும் போய்வரும் போர்ட் ஓட்டைகளின் விளிம்பில் வெறும் அலுமினியம் தெரியும், அங்கே ஆசிட் படக் கூடாது. முலாம் உரிந்த இடம் இருந்தால் ஆசிட் அதற்குள் புகுந்து சிலிண்டரையே அரிக்கும். திட்டு போன பிறகும் ஒரே இடத்தில் நுரை நிற்காமல் வந்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்த சிலிண்டர் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

#15 வேதியியல் ஆசிரியை

இந்த மன்றத்தில் நான் பெரும்பாலும் படிக்க மட்டுமே வருவேன். ஆசிட் என்றதும் எழுதுகிறேன். மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ செய்யுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். அலுமினியத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் வைத்திருக்கும் இடத்தில் செய்யவே வேண்டாம், அதோடு இந்த ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். முடிந்ததும் நிறையத் தண்ணீர், அப்புறம் சமையல் சோடா கரைத்த நீர், மறுபடி தண்ணீர். ஆசிட் ஆவி பட்டாலே இரும்பு துருப் பிடிக்கும். உங்கள் கிராங்கையும் பேரிங்கையும் வேறு அறையில் மூடி வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தயவுசெய்து அவர்கள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

#16 நாகலூர் காப்பி

டீச்சர், சொன்ன எல்லாவற்றையும் அப்படியே செய்தேன், நன்றி. மாடியில் இரண்டு மணி நேரம், பதினைந்து தடவைக்கு மேல் வைத்து வைத்துத் துடைத்தேன். திட்டு போய்விட்டது. மிச்சமிருந்த நிழலை 400 நம்பர் நீர் எமரி தாளால், குறுக்கும் மறுக்குமாக லேசாகத் தேய்த்தேன். இப்போது நகம் எங்கேயும் தடுக்கவில்லை. டார்ச் அடித்தால் முலாம் ஒரே நிறமாகத் தெரிகிறது.

இனி பிஸ்டன் மட்டும் வாங்குவதா, முழுக் கிட் வாங்குவதா?

#17 வாழப்பாடி தென்னை

இதற்கு நானே பதில் சொல்கிறேன். மேலே கிட் வாங்கச் சொன்னவன் நான்தான். நேற்று என் மிஷினைத் திறந்து பார்த்தேன். போட்டு ஒரு சீசன்தான் ஆகிறது, சைலன்சர் ஓட்டை விளிம்பில் முலாம் செதில் செதிலாக உரிந்திருக்கிறது. ஓட்டை விளிம்பை மழுக்காமல் கூர்மையாகவே விட்டிருக்கிறார்கள், ரிங் அதில் உரசி உரசி ஓரம் தேய்ந்திருக்கிறது. உங்கள் பழைய சிலிண்டர் சுத்தமாகிவிட்டதென்றால் அதை விடாதீர்கள். நல்ல பிஸ்டன் மட்டும் வாங்குங்கள். முன்பு அவசரப்பட்டுச் சொன்னதற்கு மன்னிக்கவும்.

#18 லேத் சூரமங்கலம்

வாழப்பாடியார் திறந்து பார்த்து வந்து சொன்னது பெரிய உதவி.

பிஸ்டன் வந்ததும் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. உங்கள் சிலிண்டரின் 42.5 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு 0.17 பக்கம் வர வேண்டும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முட்டும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கும், ரிங்கின் இரண்டு வாயும் அதை அணைத்து உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் ரிங் போர்ட்டில் மாட்டி முதல் இழுப்பிலேயே உடையும். பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னைப் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப் புதுசாக இருக்க வேண்டும். அதன் வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்க்கட்டும். பக்கவாட்டில் பார்த்தால் வேகத்தில் சுருங்கித் தெறித்துவிடும்.

#19 நாகலூர் காப்பி

பூட்டிவிட்டேன். ரிங் இடைவெளி 0.20. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் தடவி, விரலால் ரிங்கை அழுத்தி சிலிண்டருக்குள் விட்டேன், சிலிண்டரின் அடிவாய் சரிவாக இருப்பதால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடித்தட்டுக்கு, சூடு தாங்கும் சீலன்ட் மெல்லிய கோடாகப் போட்டு, நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக முறுக்கி ஒரு நாள் விட்டேன்.

காற்று டெஸ்டுக்குக் கருவி இல்லை. அம்மாவின் பழைய பிபி பார்க்கும் கருவி ஞாபகம் வந்தது. பல்பும் வட்டக் கேஜும் உள்ளது. அதன் ட்யூபை கிராங்க் கேசிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இம்பல்ஸ் ஹோஸில் சொருகினேன். சைலன்சர் வாயையும் புது இன்டேக் ரப்பரின் வாயையும் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்துத் தகடு போட்டு அடைத்தேன். பிளக்கை மாட்டினேன். பாதரச அளவில் 300 மில்லிமீட்டர் வரை ஏற்றினேன்.

நிற்கவில்லை. அரை நிமிடத்தில் 120-க்கு இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் ஃப்ளைவீல் பக்கத்துச் சீலை ஒட்டி, இரண்டு பாதியும் சேரும் கோட்டில் சின்னச் சின்னக் குமிழி. சீல் புதுசு. என்ன தப்பு என்று புரியவில்லை.

#20 பழைய பட்டறை

மனம் விடாதீர்கள், இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட். 300 என்பது 0.4 பார் அளவு, சோதனைக்குப் போதும்.

சீலில் குறை இருக்காது. பாதிகள் சேரும் இடத்தில், சீல் உட்காரும் மூலையில் பழைய சீலன்ட் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும். அங்கே தலைமுடி கனத்துக்கு இருந்தாலும் இரண்டு தட்டும் சேராது. மறுபடி பிரித்து, மூங்கில் சீவலால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் சீலன்ட் போடுங்கள். அந்த மூலையில் மட்டும் ஒரு பொட்டு கூடுதல். உள்ளே பிதுங்காத அளவுக்குத்தான்.

பிரஷர் நின்றதும் காற்றை உறிஞ்சி வாக்குவமும் பாருங்கள். சீலின் உதடு காற்றை உள்ளேயிருந்து பிடிக்கும், வெளியேயிருந்து விட்டுவிடும், இது பிரஷரில் தெரியாது. காருக்குப் பிரேக் ஆயில் மாற்றுகிற பட்டறைகளில் கையால் இழுக்கும் வாக்குவம் பம்ப் இருக்கும், ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள். இழுக்கும்போது கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேஜைப் பாருங்கள்.

#21 நாகலூர் காப்பி

நீங்கள் சொன்ன அதே மூலை. அரிசி முனை அளவுக்குப் பழைய சீலன்ட். டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத்தான் தெரிந்தது. மறுபடி ஒட்டி ஒரு நாள் காத்திருந்து ஏற்றினேன். 300-ல் வைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தேன், 295. வாக்குவமும் நின்றது, கிராங்கைச் சுற்றியபோதும் ஊசி அசையவில்லை. அந்த ஊசி நிற்பதைப் பார்த்தபோது இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

#22 பழைய பட்டறை

நல்ல வேலை தம்பி. பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு வைத்து ஸ்க்ரூ போடுங்கள், 0.2 - 0.3 மில்லிமீட்டர் வந்துவிடும். பிளாஸ்டிக் உடலில் ஸ்க்ரூ போடும்போது முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள், 'டிக்' என்று பழைய மரையில் விழும், அப்புறம் முன்பக்கம். இல்லையென்றால் புது மரை வெட்டி பிளாஸ்டிக் போய்விடும்.

எச் ஸ்க்ரூவை ரிச்சாகவே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முழு ஆக்சிலேட்டரில், சுமை இல்லாமல், சத்தம் சுத்தமாகப் பாடக் கூடாது. 'பர்ர்ர்' என்று தொண்டை கரகரத்த மாதிரி கேட்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து தெளிய வேண்டும். மரத்திலும் கரகரத்தால் ரிச் அதிகம். வெளியிலேயே தெளிவாகப் பாடினால் லீன். சுமை இல்லாமல் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் போகும், இரண்டு மூன்று நொடிக்கு மேல் அப்படி வைத்திருக்காதீர்கள்.

முதல் மூன்று டேங்குக்குச் சின்ன மரம். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்குங்கள், ரிங் சிலிண்டரோடு சேர வேண்டும்.

#23 டால்மியா போர்டு

இடையில் ஒரு கேள்வி. நான் மாக்னசைட் சுரங்கப் பக்கம் இருக்கிறேன். இங்கே மரத்தின் மேலெல்லாம் வெள்ளைத் தூசி. என் பிஸ்டன் கார்புரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருக்கிறது, கம்ப்ரஷன் 115. பட்டறை ஐயா மேலே சொன்ன தூசிக் கேஸ் இதுதானா?

#24 பழைய பட்டறை

அதேதான். ஃபில்டரை ஒவ்வொரு டேங்குக்கும் தட்டுங்கள், வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி முழுசாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஃபில்டர் உட்காரும் ரப்பர் விளிம்புக்கு உள்பக்கம் விரலால் தடவினால் தூசி ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஃபில்டர் மூடவில்லை, புதுசு வாங்குங்கள். செயினையும் கவனியுங்கள். தூசி படிந்த பட்டையில் அறுத்தால் சீக்கிரம் மழுங்கும். துருவல் மாதிரி வராமல் மாவு மாதிரி தூள் வந்தால் அரம் போடும் நேரம். அந்த மாவுதான் ஃபில்டருக்கும் கூலிங் ஃபின்னுக்கும் போகிறது.

#25 நாகலூர் காப்பி

ஓடுகிறது!

ஏழாவது இழுப்பில் ஒரு தடவை வெடித்து நின்றது. சோக்கை எடுத்துவிட்டு இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தடவிய ஆயில் எரிந்து கொஞ்ச நேரம் ஒரே புகை. அப்புறம் ஐட்லிங் நின்றது, செயின் சுற்றவில்லை, பிரேக்கும் பிடிக்கிறது. வேப்பமரத்தின் மிச்சக் கிளைகளை அதிலேயே அறுத்து முடித்தேன். ஆயில் இப்போது சிரிஞ்சில் அளந்து லிட்டருக்கு 40 மில்லி. முதல் நாள் கம்ப்ரஷன் 125. மூன்று டேங்க் கழித்து 145. பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருக்கிறது.

நேற்று மலைக்குக் கொண்டுபோனேன். ஒண்டிக்கடை அண்ணன் சொன்ன மாதிரியே மேலே போனதும் மரத்தில் வைத்தாலும் கரகரப்பு தெளியவில்லை. எச் ஸ்க்ரூவைக் கொஞ்சமாக, எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாக மூடினேன், தெளிந்தது. கவரில் வெள்ளைப் பெயின்டால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன், ஒன்றின் பக்கத்தில் 'மே', இன்னொன்றின் பக்கத்தில் 'கீ'. கீழே இறக்கும் அன்று, வண்டியில் ஏற்றும் முன்பே ஸ்க்ரூவை 'கீ'-க்குத் திருப்பிவிடுவேன்.

#26 ஒண்டிக்கடை வாசி

அந்தப் புள்ளி யோசனையை எங்கள் எஸ்டேட் மிஷின்களுக்கும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று மிஷின் அடிக்கடி கீழே போய் வருகிறது. இன்று சாயங்காலமே மூன்றின் இன்டேக் ரப்பரையும் விரித்துப் பார்க்கப் போகிறேன்.

#27 வாழப்பாடி தென்னை

தம்பி, அந்த பிபி கருவியை ஒரு வாரம் கடன் கொடுப்பீர்களா? நல்ல பிஸ்டனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், சிலிண்டரும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை டெஸ்ட் செய்யாமல் மூட மாட்டேன்.

#28 நாகலூர் காப்பி

தாராளமாக அண்ணா. ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணம் வாருங்கள். சைக்கிள் ட்யூப் துண்டும், அடைக்கும் தகடும் வெட்டியே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போகலாம்.